தச்சனின் பெயர்: சுமேரிய 'நகர்' அக்காடிய 'நகாரு' ஆன வரலாறு

ரைகிறிஸ், யூப்பிறற்றீஸ் என்னும் இரு நதிகளின் கீழ்ப்படுகையில், கி. மு. மூன்றாம் ஆயிரவாண்டில், தம்முள் எவ்வித உறவுமற்ற இரு மொழிகள் அருகருகே வழங்கின. அவற்றுள் ஒன்றாகிய சுமேரியம் ஒட்டுநிலை மொழி; அறியப்பட்ட வேறெந்த மொழிக்குடும்பத்தோடும் அதற்கு உறவுண்டென ஐயத்திற்கிடமின்றி இதுவரை நிறுவப்படவில்லை. மற்றையதாகிய அக்காடியம், அரபு, எபிரேயம், அரமேயம் ஆகியவற்றோடு சேர்த்தெண்ணப்படும் செமித்திய மொழியாகும். கி. மு. 2000 அளவிற் சுமேரியம் மக்களின் பேச்சு வழக்கிலிருந்து மறையலாயிற்று எனப் பலரும் கருதுவர். எனினும் எழுத்தரின் கல்வி மொழியாகவும் கோயில் மொழியாகவும் அது கிறித்து காலத்தை அண்மித்த நூற்றாண்டுகள் வரை வாழ்ந்தது. அம்மொழியின் சொற்கள் பல நூறு அக்காடியத்தினுட் புகுந்து, அதன் சொந்தச் சொற்களைப் போலவே வழங்கலாயின.

இக்கட்டுரை அச்சொற்களுள் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. தச்சனைக் குறிக்கும் சுமேரியச் சொல் 'நகர்' என்பதாகும். அக்காடியத்தில் அது 'நகாரு' எனவும் 'நங்காரு' எனவும் வழங்கிற்று. அரசனையும் தெய்வத்தையும் கோயிலையும் குறிக்கும் சொற்களைப் பற்றி ஆய்வாளர் மிகுதியாக எழுதியுள்ளனர். உளியும் வாய்ச்சியும் பிடித்த உழைப்பாளி ஒருவனின் பெயர் எங்கிருந்து வந்தது என்ற வினா அவற்றினும் சிக்கலானது. அவ்வினாவுக்கு விடை தேடியோர் தத்தம் காலத்து இனக்கொள்கைகளையும் எதிர்கொள்ள வேண்டியவராயினர். தமிழ் வாசகருக்கு இச்சொல் தரும் சோதனை வேறொன்று. அதனை இறுதியில் நோக்குவோம்.

சொல்லின் பயணம்

சுமேரிய ஏடுகளில் 'நகர்' என்பது பெரும்பாலும் ஒரே குறியினால் எழுதப்படுகின்றது. அக்குறி சொல்லின் பொருளைக் காட்டுமேயன்றி ஒலியைக் காட்டாது. ஒலியை நாம் அறிவதற்குப் பழைய பள்ளிக்கூடங்களே துணைபுரிகின்றன. எழுத்துப் பயிலும் மாணவர்க்கென ஆக்கப்பட்ட களிமண் ஏட்டுச் சொற்பட்டியல்கள், ஒரு குறியை எழுதி அதன் சுமேரிய ஒலியையும் அக்காடியப் பொருளையும் பக்கத்திற் தருகின்றன. சுமேரியம் பேசப்படாது போன பின்னர் அதனைக் கற்பிக்க வேண்டியிருந்தமையால், அந்த ஆசிரியர்கள் நமக்கும் ஆசிரியர்களாயினர்.

அக்காடியத்திற் புகுந்தபோது இச்சொல்லின் இறுதியில் எழுவாய் வேற்றுமைக்குரிய உகரம் சேர்ந்தது. இடை அகரம் நெடிலாயிற்று. அக்காடியத்திலிருந்து அது அரமேயத்திற்குச் சென்றது. அங்கு நடு மெய் இரட்டித்து 'நக்காரா' என நின்றது. இவ்விரட்டித்த ககரம், குரல்நாண் அதிர, 'தங்கம்' என்ற சொல்லிற் கேட்கும் ககர ஒலியுடன் உச்சரிக்கப்படுவது. அரமேயத்தின் கிளைமொழியாகிய சிரியாக்கில் அமைந்த விவிலியத்தில், மத்தேயு 13ஆம் அதிகாரம் 55ஆம் வசனத்தில், இயேசுவின் தந்தையைக் குறிக்க வழங்கும் சொல் இதுவே. அரமேயத்திலிருந்து அரபிற்குச் சென்றபோது 'நஜ்ஜார்' ஆயிற்று. ககர ஒலி ஜகரமானது தற்செயலன்று. பிற செமித்திய மொழிகளில் அதிர்வுடைய ககரம் நிற்குமிடத்து அரபில் ஜகரம் நிற்பது விதி. ஒட்டகத்தைக் குறிக்கும் எபிரேய 'காமால்' அரபில் 'ஜமல்' என வருதல் காண்க.

எபிரேயத்தின் நிலை குறிப்பிடத்தக்கது. பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் தச்சன் 'மரவினைஞன்' என்னும் பொருள்படும் தொடராலேயே சுட்டப்படுகிறான். 'நக்கார்' என்ற சொல் அரமேய வழக்கினூடாகப் பின்னரே அம்மொழியிற் புகுந்தது. இன்றைய எபிரேயத்தில் தச்சனுக்கு அதுவே வழக்குச் சொல். அரபிலிருந்து பாரசீகத்திற்கும், பாரசீகத்தினூடாக உருதுவிற்கும் 'நஜ்ஜார்' சென்றது. ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக, மொழி மாற்றங்கள், பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகள், சமய மாற்றங்கள் ஆகிய யாவற்றையும் கடந்து இச்சொல் மரவேலை செய்வோனையே குறித்து வந்துள்ளது.

மூவகைக் கடன்கள்

'நகர்' என்ற சொல்லின் தோற்றம் ஏன் சிக்கலானது என்பதை உணர, வேறு மூன்று சொற்களுடன் அதனை ஒப்பிடுதல் நன்று.

முதலாவது, அரண்மனையைக் குறிக்கும் அக்காடிய 'எக்கல்லு'. சுமேரியத்தில் 'ஏ' என்பது வீடு. 'கல்' என்பது பெரியது. 'ஏகல்' எனின் பெருவீடு. சொல்லின் உறுப்புகள் இரண்டும் சுமேரியத்தில் உயிருள்ள சொற்களாக இருப்பதால் அதன் பிறப்பிடம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. கோயிலைக் குறிக்கும் எபிரேய 'ஹேக்கால்', அரபு 'ஹைக்கல்' ஆகியன இதன் வழிவந்தவை. படகோட்டியைக் குறிக்கும் 'மலாஹு' என்பதும், எழுத்தனைக் குறிக்கும் 'துப்ஷர்ரு' என்பதும் இவ்வாறே உறுப்புகளாகப் பிரிக்கத்தக்க சுமேரியத் தொகைச் சொற்களிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது, வணிகனைக் குறிக்கும் சுமேரிய 'தம்கர்', அக்காடியத்தில் 'தம்காரு'. இதனையும் சுமேரியத்திலிருந்து அக்காடியம் பெற்ற கடனென எண்ணத் தோன்றும். ஆயின் அக்காடியத்தில் வாணிகஞ் செய்தலைக் குறிக்கும் 'ம-க-ர' என்ற மூவெழுத்து வேர் உண்டு. அவ்வேரிலிருந்து இலக்கண விதிப்படி 'தம்காரு' பிறக்கும். ஆகவே இங்கு கடன் எதிர்த்திசையிற் சென்றது: செமித்தியச் சொல்லைச் சுமேரியம் ஏற்றது என்பதே பெரும்பான்மையோர் முடிபு.

மூன்றாவது, உழவனைக் குறிக்கும் சுமேரிய 'எங்கர்', அக்காடியத்தில் 'இக்கரு'. இதனைச் சுமேரிய உறுப்புகளாகப் பிரித்துப் பொருள் கூறவும் இயலவில்லை. செமித்திய வேர் ஒன்றனைக் காட்டவும் இயலவில்லை. தோற்பொருள் செய்வோனைக் குறிக்கும் 'அஷ்கப்', உலோகவினைஞனைக் குறிக்கும் 'திபிரா', நெய்வோனைக் குறிக்கும் 'உஷ்பர்' ஆகியனவும் இவ்வகையின. நமது 'நகர்' இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அரண்மனையின் பெயரும் எழுத்தனின் பெயரும் தம் பிறப்பைத் தெளிவாகக் கூறுகின்றன. உழவன், தச்சன், தோல்வினைஞன் ஆகியோரின் பெயர்களே அதனைக் கூற மறுக்கின்றன.

ஒலிநிலையிலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஏகல்' என்பதன் அதிர்வுடைய ககரம் அக்காடிய 'எக்கல்லு'வில் அதிர்வற்ற வல்லொலியாயிற்று. 'எங்கர்', 'அஷ்கப்' ஆகியவற்றிலும் இம்மாற்றமே நிகழ்ந்துள்ளது. 'நகர்' மட்டும் அதிர்வுடைய ககரத்துடனேயே அக்காடியத்தில் நிற்கின்றது. அது வேறொரு காலத்திற் கடன்பெறப்பட்டிருக்கலாம். அல்லது சுமேரியத்தில் அதன் நடு மெய் வேறு தன்மையதாய் இருந்திருக்கலாம். 'நங்காரு' என்ற மாற்றுவடிவம் மூக்கொலி ஒன்றனை நினைவூட்டுகின்றது. மூன்றாம் ஆயிரவாண்டின் ஆப்பெழுத்து அதிர்வுடை ஒலியையும் அதிர்வற்ற ஒலியையும் செவ்வனே வேறுபடுத்தி எழுதுவதில்லை. 'காகம்' என்னும் சொல்லில் ககர எழுத்தொன்றே இருவேறு ஒலிகளைக் குறித்தலை அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்காது.

பட்டறையும் கூலியும்

சொற்கள் மக்களிடையே வழங்குவன. ஆதலின் இச்சொல் வழங்கிய களத்தையும் நோக்குதல் வேண்டும். தென் மெசொப்பொத்தேமியா களிமண்ணும் நாணலும் நிறைந்த நாடு. நெட்டிலிங்க இனத்து மரங்கள், அலரி இனத்து மரங்கள், சவுக்கையை ஒத்த தமரிஸ்க்கு, பேரீச்சை ஆகியனவே அங்கு கிடைத்தன. பெருங் கட்டடங்களின் உத்தரங்களுக்கு வேண்டிய நெடுமரம் அங்கில்லை. லகாஷ் நகரத்து அரசன் ஊர்-நான்ஷே, கி. மு. 2500 அளவில், தில்முன் நாட்டுக் கப்பல்கள் தனக்கு மரம் கொணர்ந்தனவெனக் கல்வெட்டுகளிற் கூறுகின்றான். அவனுக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் பிற்பட்ட கூடேயா, அமானுஸ் மலையிலிருந்து அறுபது முழமும் ஐம்பது முழமும் நீண்ட கேதுரு மரங்களைத் தெப்பமாகக் கட்டி நதிவழியே கொணர்வித்தமையைப் பதிவு செய்துள்ளான். மகான், மெலுஹா முதலிய தொலைதேசங்களும் அவனது கோயிற் பணிக்கு மரம் அளித்தன. வேற்றுநாட்டு மரம், வேற்றுமொழி மாலுமி, உள்ளூர்த் தச்சன் ஆகியோர் சந்தித்த துறைமுகங்களும் கோயிற் களஞ்சியங்களும் ஒருமொழிக் களங்களாக இருந்திருக்க இயலாது.

ஏடுகளும் இதனையே காட்டுகின்றன. 1963-65இல் அகழப்பட்ட அபு சலாபிக் என்னுமிடத்தில், கி. மு. 2500 அளவினவான சுமேரிய இலக்கிய ஏடுகள் கிடைத்தன. அவற்றை எழுதியோரின் பெயர்களுள் ஏறக்குறைய அரைப்பங்கு செமித்தியப் பெயர்கள் என்பதை றொபேட் பிக்ஸ் 1967இல் எடுத்துக்காட்டினார். அக்காட்டின் சார்கோன் பேரரசு அமைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, சுமேரிய நூல்களைச் செமித்தியப் பெயருடையோர் எழுதிக் காத்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

ஊர் நகரத்தின் மூன்றாம் அரச மரபுக் காலத்தில் (கி. மு. 2112-2004) அரசின் பட்டறைகளில் தச்சரும் தோல்வினைஞரும் நாணல்வினைஞரும் கொல்லரும் மேற்பார்வையாளரின் கீழ்ப் பணியாற்றினர். அவர்தம் வருகையும் செய்பொருளும் களிமண் ஏடுகளில் நாட்கணக்காகப் பதியப்பட்டன. அம்மரபு வீழ்ந்தபின் ஈசின் நகரிலும் தச்சர், தோல்வினைஞர், நாணல்வினைஞர், கம்பளவினைஞர் ஆகிய நான்கு பிரிவினர்க்குரிய பட்டறை ஆவணங்கள் கிடைத்துள்ளன. 1965இல் இக்னஸ் கெல்ப் வெளியிட்ட ஆய்வின்படி, அரசு, கோயில் ஆகியவற்றின்கீழ் உழைத்த ஆணுக்கு வழமையான திங்கட் பங்கீடு 60 சிலா வாற்கோதுமை. பெண்ணுக்கு 30 சிலா. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லீற்றர். உபரி விளைவின் மீது நின்ற முழுநேரக் கைவினைஞர் வகுப்பே 'நகரப் புரட்சி'யின் அடையாளங்களுள் ஒன்று எனக் கோர்டன் சைல்ட் கூறியது இங்கு நினைவுகூரத்தக்கது.

பபிலோனிய மன்னன் ஹம்முராபியின் (கி. மு. 1792-1750) சட்டத்தொகுப்பில் நமது சொல் கூலிப் பட்டியல் ஒன்றில் இடம்பெறுகின்றது. 274ஆம் பிரிவு, கைவினைஞனைக் கூலிக்கு அமர்த்துவோன் நாளொன்றுக்கு இத்தனை தானியமணி எடை வெள்ளி கொடுத்தல் வேண்டும் எனத் தொழில்வாரியாக வகுக்கின்றது. நெசவு, முத்திரை செதுக்கல், உலோகவேலை, தச்சு, தோல்வேலை, நாணல்வேலை, கட்டடவேலை ஆகியன அங்கு சுட்டப்படுகின்றன. 257ஆம் பிரிவு, உழவனாகிய 'இக்கரு'வுக்கு ஆண்டொன்றுக்கு எட்டுக் கூர் தானியம் எனக் கூறுகின்றது. 1901-1902இல் சூசா நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்டு இன்று பாரிஸ் லூவர் நூதனசாலையிலுள்ள அக்கல் சிதைவுற்றிருப்பதால், 274ஆம் பிரிவின் தொகைகளுட் பல வாசிக்க இயலாதவாறு அழிந்துள்ளன. தொழில்களின் பெயர்கள் மட்டும் எஞ்சி நிற்க, கூலி மறைந்துவிட்டது.

மூன்று விளக்கங்கள்

'நகர்' என்ற சொல்லின் தோற்றத்திற்கு மூன்று விளக்கங்கள் கூறப்படலாம்.

அது தூய சுமேரியச் சொல் என்பது முதலாவது. இதனை மறுப்போர், சுமேரியச் சொற்களின் வேர்கள் பெரும்பாலும் ஓரசையின என்றும், ஈரசைச் சொல்லாகிய 'நகர்' உறுப்புகளாகப் பிரியாமையால் அது அயற்சொல்லே என்றும் கூறுவர். இவ்வாதம் முற்றுப்பெற்றதன்று. எம்மொழியிலும் பிரித்துப் பொருள் கூறவியலாச் சொற்கள் உண்டு. அவையனைத்தும் கடன்பெற்றவையெனின் சொந்தச் சொல்லென எதுவுமே எஞ்சாது.

அது செமித்தியச் சொல் என்பது இரண்டாவது. செமித்திய மொழிகளில் நடு மெய்யை இரட்டித்து, அதன்பின் நெடில் ஆகாரம் அமைத்துத் தொழிலாளியின் பெயரை ஆக்கும் வழக்கம் உண்டு. அக்காடியத்தில் ஊதுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து 'நப்பாஹு', அதாவது துருத்தி ஊதும் கொல்லன், பிறக்கின்றது. அரபு 'ஹத்தாத்' என்பதும் இவ்வமைப்பினதே. 'நக்காரா', 'நஜ்ஜார்' ஆகியன இவ்வச்சிற் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அரபில் மரஞ் செதுக்குதலைக் குறிக்கும் 'ந-ஜ-ர' என்ற வினையும் உண்டு. ஆயின் அக்காடியத்தில் மரவேலையைக் குறிக்கும் அத்தகைய வினைவேர் காணப்படவில்லை. எனவே பெயரிலிருந்து வினை பின்னர் ஆக்கப்பட்டது எனக் கொள்வதே பொருத்தம். அயலிலிருந்து வந்த சொல், செமித்திய அச்சிற்கு இசைய வடிவம் பெற்று, அங்கேயே பிறந்ததுபோல வேரும் பெற்றது. குடியேறியவன் காணி வாங்கிப் பரம்பரை எழுதுவித்தது போன்றது இது.

சுமேரியர்க்கும் செமித்தியர்க்கும் முற்பட்ட பெயரறியா மக்களின் சொல் அது என்பது மூன்றாவது. இதனை விரிவாக முன்வைத்தவர் பெனோ லண்ட்ஸ்பேர்கர். உழவு, தச்சு, தோல், நெசவு, மட்கலம், உலோகம் ஆகிய அடிப்படைத் தொழில்களின் பெயர்களும், இரு நதிகளின் பழம்பெயர்களும், தொன்னகரங்கள் பலவற்றின் பெயர்களும் சுமேரியத்தால் விளக்கவியலாதன என அவர் காட்டினார். எழுத்து, நீதி, முத்திரை செதுக்கல் முதலியவற்றின் பெயர்களோ சுமேரியத் தொகைச் சொற்கள். ஆதலின் வண்டல் நிலத்தில் முதலில் உழுதோரும் மரஞ் செதுக்கியோரும் வேறொரு மக்கள். சுமேரியர் அவர்களிடமிருந்து தொழிலையும் தொழிற்பெயரையும் ஏற்றனர் என்பது அவர் முடிபு.

இக்கருதுகோள் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1999இல் கொன்சலோ றூபியோ இப்பட்டியலைச் சொற்சொல்லாக ஆராய்ந்து கடுமையான ஐயங்களை எழுப்பினார். பட்டியலிலுள்ள சில சொற்கள் செமித்தியமே. சில, பண்டத்துடனும் தொழிலுடனும் நாடுநாடாகத் திரிந்த சொற்கள். எஞ்சியவை ஒரே மொழிக்குரியன என்பதற்கு ஒலியமைப்புச் சான்று இல்லை என்பது அவர் வாதம். பெயரறியா மக்கள் வாழ்ந்திருக்கலாம். பல மொழியினராகவும் வாழ்ந்திருக்கலாம். அவர்களை ஓரினமாக்கி ஒரு மொழியையும் கற்பித்தற்கு இச்சொற்கள் போதா.

ஒரு தொழிற்பெயர் கடன்பெறப்பட்டது எனின் அத்தொழிலும் கடன்பெறப்பட்டது என்ற எண்ணமும் மீளாய்வுக்குரியது. தமிழில் வழங்கும் 'தச்சன்' என்ற சொல், 'தக்ஷன்' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட முடிபு. கிரேக்க 'தெக்தோன்' அதன் உறவுச் சொல். ஆகவே மத்தேயுவின் அவ்வொரே வசனத்தில், கிரேக்க மூலம் 'தச்சன்' என்பதன் உறவுச் சொல்லையும், சிரியாக் மொழிபெயர்ப்பு சுமேரியத்தினின்று வந்த சொல்லையும் வழங்குகின்றன. 'தச்சன்' கடன்சொல் என்பதனால், வடமொழித் தொடர்புக்கு முன்னர் தமிழர் மரவேலை அறியாதிருந்தனர் என்று எவரும் கூறார். ஒரு தொழிலில் புதிய கருவியோ, புதிய அமைப்புமுறையோ, புதிய எசமானனோ வரும்பொழுது பழைய தொழிலாளியின் பெயர் மாறிவிடுதல் உண்டு. இவ்வுண்மையை லண்ட்ஸ்பேர்கரின் பட்டியலுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

ஆய்வாளரும் அவர் காலமும்

இவ்விளக்கங்கள் வெற்றிடத்திற் தோன்றியவையல்ல. 1869இல் ஜூல்ஸ் ஒப்பெர்ட், ஆப்பெழுத்தின் பின்னால் நின்ற செமித்தியமல்லாத மொழிக்குச் 'சுமேரியம்' எனப் பெயரிட்டார். 1874இல் ஜோசப் ஹலேவி இதனை மறுத்தெழுந்தார். சுமேரியம் என்றொரு மொழியே இருந்ததில்லை; அது செமித்தியப் பூசாரிகள் ஆக்கிய மறையெழுத்து முறை என்றார் அவர். செமித்தியர் படைப்பாற்றல் குன்றியவர் என ஐரோப்பியப் பேரறிஞர் எழுதிவந்த காலம் அது. செமித்தியர் தம் நாகரிகத்தைப் பிறரிடம் இரந்து பெற்றனர் என்ற முடிபு அக்கூற்றுக்கு ஊட்டமளிக்கும் என ஒரு யூத அறிஞர் அஞ்சியிருப்பின் அது விளங்கிக்கொள்ளத்தக்கதே. எனினும் அவர் கருத்துப் பிழையானது. தெல்லோ முதலிய இடங்களில் வெளிப்பட்ட பல்லாயிரம் ஏடுகளின் முன் அது நிலைக்கவில்லை. நியாயமான மனக்குறை நியாயமான ஆய்வுமுடிபைத் தந்துவிடாது என்பதற்கு ஹலேவி ஒரு சான்று.

லண்ட்ஸ்பேர்கரின் வாழ்வு இன்னும் நேரடியாக இப்பிரச்சினையுடன் பிணைந்தது. லெயிப்சிக் பல்கலைக்கழகத்தில் ஹைன்றிக் சிமெர்னுக்குப் பின் பேராசிரியரானவர் அவர். அக்காடியக் கடன்சொற்களைத் தொகுத்து, அவற்றைப் பபிலோனியப் பண்பாட்டுச் செல்வாக்கின் சான்றாக முதல் உலகப்போர்க் காலத்தில் வெளியிட்டவர் சிமெர்ன். லண்ட்ஸ்பேர்கர் யூதர் என்பதனால் நாசி ஆட்சி 1935இல் அவரைப் பதவிநீக்கியது. துருக்கி அடைக்கலமளித்தது, அங்காராவில் 1948 வரை கற்பித்துப் பின்னர் சிக்காகோ சென்றார். பெயரறியா மக்களின் தொழிற்சொற்களைப் பற்றிய அவரது கட்டுரை 1940களில் அங்காராவிலேயே வெளிவந்தது. ஓரினத்தின் தூய குருதியே நாகரிகத்தின் ஊற்று என அவரது பழைய பல்கலைக்கழகம் நின்ற நாடு முழங்கிக்கொண்டிருந்தபோது, உலகின் மிகப் பழைய நகர நாகரிகம் பல மக்களின் உழைப்புக் கலந்த விளைவு என அவர் எழுதினார். அவ்வாறே 1939இல் தோர்க்கில்ட் ஜேக்கப்சன், சுமேரியரும் செமித்தியரும் இனப்பகையினால் ஓயாது போரிட்டனர் என்ற வழக்கமான கருத்துக்கு ஏடுகளிற் சான்றில்லை எனவும், அங்கு நிகழ்ந்த போர்கள் நகர அரசுகளின் அரசியற் போர்களே எனவும் நிறுவினார்.

லண்ட்ஸ்பேர்கரின் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் அவரது சொற்பட்டியல் பிற்கால ஆய்வினால் திருத்தப்பட்டது என்பதையும் நாம் மறைத்தலாகாது. நாம் விரும்பும் முடிபைத் தருகின்றது என்பதனால் ஒரு சான்று வலுப்பெறாது.

தமிழ் 'நகர்'

இவ்விடத்தில் தமிழ் வாசகர் மனத்தில் எழுந்திருக்கக்கூடிய எண்ணத்தை எதிர்கொள்வோம். சுமேரியச் சொல் 'நகர்'. தமிழிலும் 'நகர்' உண்டு. சங்க இலக்கியத்தில் அது பேரூரை மட்டுமன்றி இல்லத்தையும் மாளிகையையும் கோயிலையும் குறித்தது. இல்லத்தைச் சமைப்பவன் தச்சன். ஆகவே செய்வோனின் பெயர் செய்பொருளுக்கு ஆகிவந்தது என ஒரு வரி எழுதினால் போதும். இரு நாகரிகங்களுக்கும் பாலம் அமைந்துவிடும். எளிமையே இப்பாலத்தின் குறை. ஒலி ஒற்றுமை ஒன்றும், கற்பனையாற் பொருத்திய பொருள் ஒன்றும் தவிர இதற்குத் துணை எதுவுமில்லை. 'நகர்' அக்காடியத்தில் 'நகாரு' ஆனமைக்கு இருமொழிச் சொற்பட்டியல் உண்டு. அரமேய ககரம் அரபில் ஜகரமானமைக்கு ஒலிவிதி உண்டு. ஒவ்வொரு படியிலும் பொருள் மாறாதிருக்கின்றது. தமிழ் 'நகர்' பற்றிய பாலத்தில் இம்மூன்றும் இல்லை.

சுமேரியம் திராவிட மொழியே என்ற கருத்து நம்மிடையே புதிதன்று. இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965இல் அதனை விரிவாக முன்வைத்தார். ஒப்பியன் மொழியியலில் நம்மவர் துணிந்து புகுந்த முயற்சி என்ற வகையில் அது மதிக்கத்தக்கது. ஆயின் தனிச்சொற்களின் ஒப்புமையைக் கடந்து, ஒழுங்கான ஒலித்தொடர்பும் இலக்கண உருபுகளின் ஒப்புமையும் நிறுவப்படாமையால் ஆய்வுலகம் அதனை ஏற்கவில்லை.

இங்கு ஒரு சிறு முத்திரையைக் குறிப்பிடல் தகும். லூவர் நூதனசாலையில், சார்கோன் மரபினர் காலத்ததான உருளை முத்திரை ஒன்று உள்ளது. அதன் உடைமையாளன் ஷூ-இலிஷு. தன்னை மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளன் என அதிற் கூறிக்கொள்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளி நாகரிகம் பரவியிருந்த நிலப்பகுதி எனப் பெரும்பாலோர் கொள்வர். அம்மொழி யாதாயினும் ஆகுக. சுமேரியமும் அக்காடியமும் வழங்கிய நாட்டில் அதற்கு மொழிபெயர்ப்பாளன் ஒருவன் தேவைப்பட்டான். தென்னாசியாவுக்கும் மெசொப்பொத்தேமியாவுக்கும் இடையே நிகழ்ந்த உறவுக்கு இது மெய்யான சான்று. மரமும் மணியும் ஏற்றிச் சென்ற கப்பல்களின் உறவு அது. இரு தரப்பினரும் ஒருவரேயாயின் மொழிபெயர்ப்பாளனுக்கு அங்கு வேலையில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அக்காடிய 'நகாரு' சுமேரிய 'நகர்' என்பதிலிருந்து பெறப்பட்டது என்பது உறுதி. 'நகர்' சுமேரியத்திற்கே உரியதா, அதற்கு முற்பட்டதா என்பதை இன்றுள்ள சான்றுகள் தீர்க்கமாட்டா. கி. மு. நான்காம் ஆயிரவாண்டின் இறுதியில் எழுந்த மிகப் பழைய ஊருக் ஏடுகளிற்கூட ஒலியைக் காட்டும் குறிகள் அரியனவாதலால், அவற்றை எழுதியோர் பேசிய மொழி எது என்பதே விவாதத்திற்குரியதாக உள்ளது. எழுத்துத் தோன்றுவதற்கு முன்னரே, பல மொழியினர் கூடி உழைத்த பட்டறைகளில் இச்சொல் வழங்கியிருத்தல் கூடும் என்ற அளவில் அமைதல் முறை.

சொல்லின் முதல் உரிமையாளர் யார் என்ற வினாவுக்கு விடை கிட்டாவிடினும், அதனைக் காத்தவர் யார் என்பது தெளிவு. சுமேரிய அரசு அழிந்தது. பபிலோனும் அசீரியாவும் அழிந்தன. அரமேயம் பேசிய பெருநிலப்பரப்பு அரபு மொழிக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு தலைமுறைத் தச்சர் தாம் பேசும் மொழியை மாற்றிக்கொண்டனர். தொழிலின் பெயரை மாற்றவில்லை. எந்த மொழி மூத்தது, எந்த மக்கள் முதல்வர் என்ற வினாக்களால் இரத்தஞ் சிந்திய உலகில், எபிரேயம் பேசுவோனும் அரபு பேசுவோனும் இன்று தத்தம் ஊர்த் தச்சனை ஒரே சொல்லால் அழைக்கின்றனர். அச்சொல்லை ஆக்கியவர் இருவரின் மூதாதையருமல்லர். மொழிகளின் உறவை ஆராயப் புகும் நம்மவர், உரிமை கோருவதற்கு முன் இத்தச்சனின் பெயர் கடந்துவந்த வழியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.